‘அமேசான் குருவி’க்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்... வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகளுக்குப் பறவை என்றால் உயிர். வாட்ஸ்அப் குழுவில் ஒரு தரகர், ‘பிக்மி டைரண்ட், அமேசான் மழைக்காட்டுப் பறவை, உலகத்திலேயே சின்னது, ஜோடி 18,000 ரூபாய்’ என்று வீடியோ போட்டார். பச்சை முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், வாலே இல்லை. வாழைப்பழத்தை அழகாகக் கொத்துகிறது. ‘ஃபாரின் பறவைக்கு நம்ம ஊர்ச் சட்டம் கிடையாது, டிஎன்ஏ சர்டிபிகேட்டும் தருகிறேன்’ என்கிறார். 5,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். வளர்க்கலாமா? எங்காவது பதிவு செய்ய வேண்டுமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், பறவையையும் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

அந்தப் பெயரில் ஒரு பறவை இருப்பது உண்மைதான். குட்டைவால் பிக்மி டைரண்ட் என்று பெயர். ஆறரை சென்டிமீட்டர் நீளம். எடை ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு, நாலு கிராம் சொச்சம். உலகத்திலேயே சின்னது என்பது தரகர் சேர்த்த மசாலா. கியூபாவின் தேனீ ஹம்மிங்பேர்ட் இதைவிடச் சிறியது. டைரண்ட் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மேலே இலையின் அடியில் பூச்சி தெரிந்ததும் விருட்டென்று எகிறித் தட்டையான அலகால் கவ்வும். அதன் குரலே சில்வண்டு கத்துவதுபோல இருப்பதால், காட்டில் பக்கத்தில் நின்றாலும் பறவை என்று தோன்றாது.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: வாழைப்பழம். பூச்சியே கதி என்று வாழும் டைரண்ட் அதைச் சீண்டாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நம்ம வெள்ளைக்கண்ணி. ஏற்காடு, கொடைக்கானல் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாகத் திரியும். பூச்சியும் தின்னும், பூவில் தேனும் குடிக்கும், பழமும் கொத்தும்.

வெள்ளைக்கண்ணிக்கு ஒழுங்கான வால் உண்டே என்பீர்கள். பிடுங்கியிருப்பார்கள். சில மாதங்களுக்கு முன் ஒருவர் இதே கதையோடு ஸ்வீட் பாக்ஸில் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பின்பக்க இறகை ஊதி விலக்கினேன். பேனா ரீஃபில் முனை மாதிரி கருநீலக் குருத்துகள் வரிசையாக நின்றன. பிடுங்கிய இடத்தில் புது இறகு முளைக்கிறது என்று அர்த்தம். தினையும் முட்டைத்தூளும் போடச் சொன்னாராம் விற்றவர். இரண்டாம் நாள் செத்துப்போனது. இந்த உடம்பில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருந்தால்தான் இரவைத் தாண்டும். இந்தத் தரகர்கள் வேறு வேலையும் செய்வார்கள்: சில்லை என்ற சின்னக் குருவிக்குப் பச்சைச் சாயம் பூசிக் ‘கவர்ச்சிக் குருவி’ என்று விற்பது. ஈரப் பஞ்சால் துடைத்தால் பஞ்சு பச்சையாகும்.

சட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்கண்ணி நம் நாட்டுக் காட்டுப்பறவை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிக்கவோ விற்கவோ வளர்க்கவோ கூடாது. எதில் பதிவு செய்தாலும் அது சட்டப்படியானதாக ஆகாது. சரி, தரகர் சொல்வதுபோல நிஜமாகவே அமேசானிலிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இறக்குமதி உரிமம், உடல்நலச் சான்று, தனிமைப்படுத்திப் பரிசோதித்த ஆவணம் எல்லாம் இருந்தாக வேண்டும். சென்னையில் இறங்கியிருந்தால் அந்தக் கால்நடைத் தனிமைப்படுத்தும் நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில். அங்கே கொடுத்த காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அவர் போனை எடுக்கமாட்டார்.

டிஎன்ஏ சர்டிபிகேட்? ஒரு இறகை லேபுக்கு அனுப்பினால் ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். அவ்வளவுதான். எந்தக் காட்டில் பிடித்தது, எப்படி வந்தது என்று அதில் ஒரு வரி இருக்காது. லேமினேட் செய்து கொடுத்தால் அரசாங்க முத்திரை மாதிரி தெரிகிறது, மக்களும் நம்பிவிடுகிறார்கள்.

மகளுக்குக் கட்டாயம் பறவை வேண்டும் என்றால் ஒரு விதிவிலக்கை நிதானமாகப் படியுங்கள், எல்லாரும் குழம்பும் இடம் இது. நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்ற ஆஸ்திரேலியச் சிறு கிளி; நிஜ லவ்பேர்ட் வேறு. சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிரின வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கிளி இனம் மொத்தமும் உண்டு, நாலு மட்டும் விலக்கு: பட்ஜி, காக்கடீல், ரோஜா முக லவ்பேர்ட், நம்ம பச்சைக்கிளி. முதல் மூன்றைப் பதிவில்லாமல் வளர்க்கலாம். நாலாவது அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் நம் நாட்டுச் சட்டம் பாதுகாப்பதால் வீட்டில் வைப்பது குற்றம். ஜோசியக்காரர் கூண்டில் பார்த்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். லவ்பேர்டிலும் ரோஜா முகத்துக்குத்தான் விலக்கு. கண்ணைச் சுற்றி வெள்ளைத் தோல் வளையம் உள்ள ஃபிஷர் லவ்பேர்ட் பட்டியலில் இருக்கிறது. 2024-இல் வந்த விதிகளின்படி அதை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்வார். வளையம் இருந்தால் காகிதம் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு பக்கத் தமிழில் அச்சடித்துக் கடைவாசலில் ஒட்ட எத்தனை நாளாகும்? ஒருமுறை இதே சந்தேகத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இன்னோர் எண் கொடுத்தார்கள். அங்கிருந்து மூன்றாவது எண். அது முதல் அலுவலகத்தின் எண்! தரகர்தான் முதல் ரிங்கிலேயே எடுக்கிறார். மக்கள் அவரிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

பறவை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டால் மொட்டைமாடியில் பறக்கவிடாதீர்கள். வால் இல்லாமல் சரியாகப் பறக்க முடியாது, காக்கை விடாது. காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, அன்றே கிண்டியில் உள்ள வனத்துறை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். வாங்கிய விவரத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீடியோ, சாட், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்க வேண்டாம். அட்வான்ஸுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் இன்றைக்கே புகார் கொடுங்கள். பணம் அவர் கணக்கிலிருந்து நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி இருக்கும்.