வாடகை ஒப்பந்தம் இல்லையென்றால் வங்கிக் கணக்கு கிடையாதா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இதுவரை எனக்கு வங்கிக் கணக்கு கிடையாது. ஆதாரில் ஊர் முகவரி இருப்பதால், இங்குள்ள வீட்டின் வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்று வங்கியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசினார். வீட்டு ஓனர் ஒப்பந்தம் போட மறுக்கிறார். கடைசியில் ஒரு ஏஜென்ட் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓனர் பெயரில் ஒப்பந்தம் தயார் செய்து கொடுத்தார். வேறொரு வங்கியில் தானே கணக்கு திறந்து தருவதாகச் சொல்லி ஆதார், பான் நகல்களையும், மொபைல் எண்ணை நிரப்பாமல் கையெழுத்துப் போட்ட படிவத்தையும் வாங்கி வைத்திருக்கிறார். மேலாளர் மீதும் ஓனர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் போடாதீர்கள். மேலாளர் பேசிய விதத்துக்கு மானநஷ்ட வழக்கு என்று இறங்கினால் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவீர்கள், கணக்கு மட்டும் வராது. ஓனர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஓனரிடம் மல்லுக்கு நின்றால் அடுத்த மாதம் வேறு வீடு தேட வேண்டியிருக்கும்.

அதைவிட, இந்தச் சண்டையே தேவையில்லாதது. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்கும்) விதிகளில் உள்ள ஆவணப் பட்டியலில் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவரின் ஒப்பந்தம் கிடையவே கிடையாது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை, மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. கூடவே பான், அது இல்லாதவர்களுக்கு ஓர் உறுதிமொழிப் படிவம். அவ்வளவுதான். கிளையில் விரல் ரேகை வைத்து ஆதார் சரிபார்ப்புக்குச் சம்மதித்தால், இப்போது இருக்கும் முகவரி வேறு என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி போதும். ஆதார் சரிபார்ப்பு வேண்டாம் என்றால், இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத போஸ்ட்பெய்டு மொபைல் பில்லை முகவரிக்குக் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் முகவரி மாற்றிய அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். இதைவிடச் சுலபம், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதே வங்கியின் உங்கள் ஊர்க் கிளையில் திறந்துவிடுவது. சம்பளம் எந்தக் கிளைக் கணக்கிலும் ஏறும்.

அப்படியும் மறுத்தால் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்புக்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்தாக வேண்டும். பாதிப் பேருக்கு அந்தக் காகிதத்தைக் கேட்டதுமே கணக்கு திறந்துவிடும். வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி) இருக்கிறார். காசும் செலவில்லை, வக்கீலும் தேவையில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நீண்ட கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஏஜென்ட் பற்றிய அந்த இரண்டு வரிதான். அதை நீங்கள் ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய ஒப்பந்தத்தைப் பார்த்தேன். ஒப்பந்தத் தேதி ஜனவரி. முத்திரைத்தாளில் விற்பனையாளர் எழுதியிருக்கும் தேதி ஜூன். வாங்காத தாளில் ஐந்து மாதம் முன்பே எழுதிவிட்டார் உங்கள் ஏஜென்ட்! ஓனர் கையெழுத்து போடவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். போலி என்று தெரிந்தே ஓர் ஆவணத்தைப் பயன்படுத்தினால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆவது பிரிவின்படி அதைத் தயாரித்தவருக்கு என்ன தண்டனையோ அதேதான் உங்களுக்கும். ஏமாற்றும் நோக்கத்தில் செய்த போலி என்றால் ஏழு ஆண்டு வரை போகலாம். அந்தத் தாளை எந்த வங்கியிலும் நீட்டாதீர்கள். கிழித்தும் போடாதீர்கள், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி வையுங்கள்.

அடுத்தது கையெழுத்துப் போட்ட படிவம். அதில் மொபைல் எண் கட்டத்தில் யாருடைய எண் இருக்கிறது? நிரப்பாமல் கொடுத்தேன் என்கிறீர்கள். அங்கேதான் வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலர் மாட்டியிருக்கிறார்கள். கணக்கு உங்கள் பெயரில், ஓடிபி போவது இன்னொருவர் கைக்கு. எங்கோ வட மாநிலத்தில் ஏமாந்த ஒருவரின் பணம் அந்தக் கணக்குக்கு வந்து, சில நிமிடத்தில் வேறு நாலு கணக்குக்குப் போய்விடும். அவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் சொன்னதும் கணக்கு முடங்கும். போலீஸ் தேடி வருவது அதில் பெயர் இருப்பவரைத்தான். "நான் திறக்கவே இல்லை சார்" என்று சொல்லலாம். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, இணைப்பில் இருப்பது உங்கள் பான். விசாரணை நோட்டீஸ் வந்தால், பெயர் கேள்விப்படாத ஊருக்கு ரயில் ஏற வேண்டும். முடக்கத்தை எடுக்க அந்தக் காவல் நிலையத்தின் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இதற்குள் உங்கள் நிஜமான சம்பளக் கணக்கையும் அதோடு சேர்த்து நிறுத்தி வைத்தால், கம்பெனியில் என்ன பதில் சொல்வீர்கள்?

ஆகவே இன்றைக்கே ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கை (விரல் ரேகைப் பதிவை) பூட்டுங்கள். கணக்கு திறக்கப் போகும் அன்று மட்டும் திறந்துகொள்ளலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வாங்காத எண் ஒன்று இருந்தாலும் அங்கேயே புகார் பதிந்துவிட்டு, அன்றே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிடுங்கள்.

ஏஜென்டிடம் 3,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு நிற்காதீர்கள். போனது போகட்டும். போலி ஒப்பந்தத்துக்குக் கொடுத்த காசை வாங்கித் தர எந்த நீதிமன்றமும் வராது. கேட்கப் போனால் நீங்களும் அதில் கூட்டு என்றுதான் பதிவாகும். படிவமும் நகல்களும் மட்டும் திரும்பி வர வேண்டும். நேரில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "என் பெயரில் எந்த வங்கியிலும் கணக்கு திறக்க உங்களுக்கு நான் அனுமதி தரவில்லை. நான் கையெழுத்திட்ட படிவத்தையும் ஆதார், பான் நகல்களையும் உடனே திருப்பித் தரவும்." அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் செய்தியைத் தேதியோடு படம் எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.