வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: டயாலிசிஸும் இன்சுலினும்

கேள்வி: டாக்டர் ஐயா, என் தந்தைக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய், இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முன்பு இரவில் 30 யூனிட் இன்சுலின் போட்டவருக்கு 16 யூனிட்டே போதும் என்கிறார்கள். ஹெச்பிஏ1சி (ரத்தச் சிவப்பணுக்களில் படிந்த சர்க்கரையை வைத்துக் கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.2 சதவீதம் என வந்திருக்கிறது. சர்க்கரை நோய் குணமாகி வருகிறதா? டயாலிசிஸ் செய்த நாளின் இரவில் மட்டும் அவருக்கு வியர்த்து, பேச்சுக் குழறுகிறது.
– வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: குணமாகவில்லை, அம்மா. ஊசி குறைந்ததும் வீட்டில் பாயசம் வைக்கத் தோன்றுவது இயல்பே, சற்றுப் பொறுங்கள். ஊசி வழியாக உடலில் சேரும் இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது செயலிழந்தபின், போட்ட இன்சுலின் நெடுநேரம் ரத்தத்தில் தங்கிவிடுவதோடு, பட்டினி நேரத்தில் சிறுநீரகம் தானே உண்டாக்கித் தரும் குளுக்கோஸும் குறைந்துவிடுவதால், பழைய அளவில் பாதியே போதும் என்ற நிலை பலருக்கு வருகிறது.

6.2 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுக்கள் சிறுநீரகச் செயலிழப்பில் அதற்கு முன்பே அழிகின்றன. ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபாயெட்டின் ஊசி இளம் அணுக்களைப் பெருக்குகிறது. சர்க்கரை படிய அவற்றுக்குக் காலம் போதாது. ஆகவே உண்மை நிலையைவிடக் குறைவாகவே முடிவு வரக்கூடும். விரல் நுனியில் குத்திப் பார்த்த அளவுகளை எழுதி வைத்த நோட்டுப் புத்தகமே எனக்குப் பெரிய சாட்சி. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு 7 முதல் 8 வரையிலான ஹெச்பிஏ1சி பொதுவாகப் போதுமானது.

இரவு வியர்வைதான் எனக்குக் கவலை தருகிறது. டயாலிசிஸுக்குப் பின் இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். களைப்பில் சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டால் சர்க்கரை இன்னும் தாழும். அந்த நாள்களில் மட்டும் நீண்டநேர இன்சுலினைக் கால் பங்கு குறைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், நீங்களாகவே குறைப்பதும் நிறுத்துவதும் கூடாது. ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே வந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஆரஞ்சுச் சாறும் இளநீரும் வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: நானும் டயாலிசிஸ் செய்பவன், இன்சுலினும் உண்டு. காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கலாமா?
– வாசகர், காத்ர் போர்ன், மொரிஷியஸ்

பதில்: மரக்கறி உணவால் தடையில்லை, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஊசியை வழக்கம்போல் போடுவதே ஆபத்து. வேளைக்கான இன்சுலினை, எவ்வளவு சாப்பிட முடிந்தது என்று பார்த்தபின் போட்டுக்கொள்ளலாமா என விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். செத் காரி எனும் ஏழு கறி விருந்தில் பூசணி, வாழைக்காய், பருப்பு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். அளவும் சிறிதாக இருக்கட்டும்.

கேள்வி: மிச்சமிருக்கும் மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட் மாத்திரைகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. முதலாவது ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். இரண்டாவது சர்க்கரையை நீண்ட நேரத்துக்குத் தாழ்த்திவிடும். இரண்டையும் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.