"சார் ஒருத்தரா?"

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 51 வயது, ஊர் மயிலாடுதுறை. கடலூர் சிப்காட் ஃபேக்டரிகளுக்கு பம்ப் சர்வீஸ் செய்யும் வேலை. 9 வருஷமாக வாரம் முழுக்க மஞ்சக்குப்பத்தில் லாட்ஜ் வாசம்.

என் பிரச்சினை ராத்திரிச் சாப்பாடு. ஓட்டலுக்குள் காலை வைத்ததும் "சார் ஒருத்தரா?" என்கிறார்கள். ஏசி ஹால் காலியாகக் கிடக்கும்; ஆனாலும் "அது ஃபேமிலிக்கு சார்" என்று கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து டேபிளைக் காட்டுவார்கள். வருகிறவர் போகிறவர் கையை உதறும் தண்ணீர் என் தோசையில் தெறிக்கும். போகட்டும் என்று உட்கார்ந்தால், கேட்காமல் கொள்ளாமல் எதிரில் யாராவது வந்து உட்காருவார்கள்.

போன மாதம் வேலையாகப் புதுச்சேரியில் ஒரு நாள் தங்கினேன். நேரு வீதிப் பக்கம் ஒரு ஓட்டல், சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். எல்லோரும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. பாதியில் எழுந்து கடற்கரைச் சாலையில் போய் நடந்தேன். சாயங்காலம் அங்கே வண்டி விடமாட்டார்கள், அது ஒரு நிம்மதி. அங்கேயும் பார்த்தால் ஜோடி ஜோடியாக!

இப்போதெல்லாம் பார்சல்தான், கட்டிலில் பேப்பர் விரித்துச் சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் தொண்டையில் இறங்குவதில்லை. (அன்றைக்கு இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும், ஆனாலும் சனிக்கிழமை காலையில்தான் கிளம்புவேன். பையன் காலேஜை விட்டு நின்றதிலிருந்து வீட்டில் பேச்சு கொஞ்சம் குறைவு. அது வேறு விஷயம்.) காசு கொடுத்துத்தானே சாப்பிடுகிறோம், ஒற்றை ஆள் என்றால் இளக்காரமா? அந்த "ஒருத்தரா" கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. இந்தக் கூச்சம் போக வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

தண்ணீர் தெறிக்கிற இடத்தில் உட்கார வைத்தது தப்புதான். "அந்த டேபிள் குடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். "ஒருத்தரா" என்பது மட்டும் இளக்காரம் இல்லை. எத்தனை நாற்காலி வேண்டும் என்ற கணக்கு அது.

எல்லோரும் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூச்சப்பட வைக்கும் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, மாணவர்களை ஒவ்வொருவராக மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போனவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். நீங்கள் படம் போட்ட பனியன்கூடப் போட்டிருக்கவில்லை.

சரி, கூச்சம் இவ்வளவுதான். தனியாக விட்டாலும் வருத்தம், எதிரில் ஆள் வந்தாலும் எரிச்சல் என்றால், அந்த நாற்காலியை யாருக்காகவோ பிடித்து வைத்திருக்கிறீர்கள். யார் என்று அடைப்புக்குறிக்குள் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சிப்காட் இருப்பதே சிதம்பரம் சாலையில். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வெளியே வந்தால் உங்கள் ஊர் தெற்கே. நீங்கள் வடக்கே மஞ்சக்குப்பத்துக்கு வண்டி ஏறுகிறீர்கள். தெற்கே ஏறியிருந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருந்திருக்கலாம். அந்த ராத்திரி தனியாகச் சாப்பிட வேண்டும் என்று எந்த சர்வரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் யாரோடு சாப்பிடுகிறார்? பேசாத அப்பாவுக்கும் பேசாத பிள்ளைக்கும் நடுவில் அவர் எத்தனை மாதமாகத் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறாரோ. பையன் விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம். அதற்காக ஒரு நாள் தள்ளிப் போய் இறங்குவது வருத்தத்தைக் காட்டும் வழியா? வாரம் முழுக்கக் காணாத அப்பா, வர முடிந்த நாளிலும் வரவில்லை என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும். வீட்டில் மூன்று பேரும் "ஒருத்தரா" ஆகிப்போனீர்கள். அதற்கான கோபம், பாவம், சர்வர் தலையில் விழுகிறது.

இந்த வெள்ளிக்கிழமை நேராக ஊருக்குப் போங்கள். "வந்து சாப்பிடுறேன், ரசம் போதும்" என்று மனைவிக்கு மட்டும் போன் பண்ணிவிடுங்கள். காலேஜ் பேச்சு அன்றைக்கு வேண்டாம். பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனால் போகட்டும், நீங்கள் பாதியில் எழுந்துவிடாதீர்கள். மறுசோறு வாங்க அவன் எப்படியும் வெளியே வருவான்.