ஏறத் தெரிந்த பிறகு இறங்குங்கள்: கயிற்றுப் பயிற்சி கேள்வி பதில்

மேகாலயா குகைகளுக்குள் கயிற்றில் இறங்கிப் பார்க்கும் ஆசையில் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் இதைப் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கயிற்றில் தொங்க வேண்டாம். ஆரம்பத்தில் பழகிய ஆள் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அண்ணே, நம்ம பக்கம் மணலும் பவளப்பாறையும்தான். குகையே இல்லாத ஊர்ல எப்படிப் பழகுறது? (பாம்பன்)

பழக குகை தேவையில்லை தம்பி, ஆறேழு மீட்டர் உயரம் கிடைத்தால் போதும். மலை ஏறுகிறவன் முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். செங்குத்துக் குகையில் இறக்கம் முன்னால், ஏற்றம் பின்னால். உடம்பு நனைந்து, கை சோர்ந்த பிறகுதான் ஏற வேண்டியிருக்கும். அதனால் முதலில் ஏறப் பழகுங்கள். இறங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தடித்த, உயிருள்ள புளியங்கிளையோ வேப்பங்கிளையோ நல்லது. கிளையில் ஒரு பிடி, அடிமரத்தில் இன்னொரு பிடி என்று இரண்டு இடத்தில் கட்டுங்கள். முருங்கை பக்கமே போகாதீர்கள். மேகாலயாவில் கிரெம் லியாட் பிரா என்ற சுண்ணாம்புக் குகை மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அங்கே மழைக்காலத்தில் குகைக்குள் வெள்ளம் புகுந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில்தான் போவார்கள். அதுவரை பழக உங்களுக்கு நேரம் இருக்கிறது.

தோட்டத்துல தண்ணி வத்துன பழைய கிணறு இருக்கு. அதுல இறங்கிப் பழகலாமா? (திருப்புல்லாணி)

கூடாது. பாழுங்கிணற்றின் அடியில் பிராணவாயு குறைந்து கெட்ட காற்று தேங்கியிருக்கும். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகள் நம் மாநிலத்தில் எத்தனையோ வந்திருக்கின்றன.

தனுஷ்கோடி சர்ச் சுவர்ல கயிறு கட்டலாம்னு நண்பர்கள் சொல்றாங்க... (ராமேஸ்வரம்)

அது பவளக்கல் கட்டடம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, அன்றிலிருந்து உப்புக்காற்றில் அரித்துக்கொண்டே நிற்கிறது. ஆள் பாரத்தை அது தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மிச்சமிருப்பதை நாமே இடிக்கவும் வேண்டாம்.

போட்டுல கட்டுற கயிறு வீட்டுல நிறைய கெடக்கு, நல்ல தடிமன். அதையே வச்சுக்கலாமாண்ணே? (தொண்டி)

வேண்டாம் தம்பி. கடலில் மிதக்கிற அந்த முறுக்குக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி வாக்கில் உருகும், பாலிஎத்திலீன் 130 டிகிரியிலேயே உருகும். இறங்கும்போது டிசென்டர், அதாவது கயிற்றைப் பிடித்து மெதுவாக இறங்க விடும் கருவி, உரசிச் சூடாகும். நைலான் உருக 215 டிகிரிக்கு மேல் வேண்டும். முறுக்குக் கயிற்றில் தொங்கினால் ஆளும் பம்பரமாகச் சுற்றுவார், முடிச்சும் வழுக்கும். உறை போட்ட செமி ஸ்டாட்டிக் (அதிகம் இழுபடாத) நைலான் கயிறு வாங்குங்கள். ஈ.என். 1891, டைப் ஏ என்று ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

ஹார்னஸ்ல எதை எங்கே மாட்டணும்னு குழப்பமா இருக்கு. துப்பட்டா, முடி பத்தியும் சொல்லுங்கண்ணே. (கீழக்கரை)

துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள் தங்கச்சி. முடியை இறுக்கிப் பின்னி ஹெல்மெட்டுக்குள்ளோ சட்டைக்குள்ளோ செருகுங்கள். தொங்குகிற எதையும் டிசென்டர் இழுத்துக்கொள்ளும்.

வயிற்றுக்கு நேரே ஹார்னஸை (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையை) மூடுகிற அரைவட்டத் திருகு வளையமான மெயிலான்தான் எல்லாவற்றுக்கும் மையம். நெஞ்சில் நின்று, கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடியான க்ரோல், டிசென்டர், குட்டையும் நெட்டையுமான இரண்டு கவ்ஸ்டெயில் (பாதுகாப்புக்கு மாட்டிக்கொள்ளும் துண்டுக் கயிறு) எல்லாம் அதில் வரும். எந்த வரிசையில் மாட்டினாலும் சரி, தினமும் அதே வரிசையாக இருக்கட்டும். கும்மிருட்டில் கை தேடக் கூடாது, தானாகப் போய்த் தொட வேண்டும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

நிறையப் பேர் கோட்டை விடுவது ஹேண்ட் ஜாமரை (கையால் மேலே தள்ளும் பிடியை) ஹார்னஸோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிற்றின் நீளத்தில். அதில் முழுப் பாரமும் போட்டுத் தொங்கும்போது ஜாமர் கைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். ஜாமரிலிருந்து தொங்கும் கால்வளையத்தில் நிமிர்ந்து நின்றால் க்ரோல் ஜாமருக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும்.

பாதி இறங்கினப்புறம் கயிறு பத்தலைன்னா? (மண்டபம்)

அதற்காகத்தான் கயிற்றின் நுனியிலிருந்து ஒரு மீட்டர் விட்டு முடிச்சுப் போடுகிறோம். முடிச்சு இல்லாத நுனியைத் தாண்டி வழுக்கி விழுந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு, தேர்ந்தவர்களும் அதில் அடக்கம்.

முடிச்சைக் கண்டதும் மேலே திரும்ப வேண்டும். டிசென்டரைப் பூட்டுங்கள். அதற்கு மேலே ஹேண்ட் ஜாமரை மாட்டுங்கள், நெற்றி உயரம் போதும். ரொம்ப மேலே மாட்டினால் பிறகு இறக்க முடியாமல் தவிப்பீர்கள். கால்வளையத்தில் எழுந்து நின்று, ஜாமருக்கும் டிசென்டருக்கும் நடுவே க்ரோலைக் கயிற்றில் மாட்டி மூடுங்கள். மெதுவாக உட்காருங்கள். பாரம் க்ரோலுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே டிசென்டரைக் கழற்ற வேண்டும். எந்த நொடியிலும் இரண்டு பிடி உங்களிடம் இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கிக்கொண்டே இதைப் பழகுங்கள், அந்த உயரத்தில் தப்பு நடந்தால் கால் தரையில் படும், அவ்வளவுதான். கையுறை போட்டு ஒரு தரம், சட்டையை நனைத்துக்கொண்டு ஒரு தரம், இருட்டில் ஒரு தரம். மூன்றும் சிரமமில்லாமல் வந்தால்தான் உயரத்தைக் கூட்டலாம்.

தொங்குறவன் மயங்கிட்டா கீழ நிக்கிற நாங்க என்ன செய்யணும்? (ஏர்வாடி)

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் இரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்தாகும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் பயிற்சிக் கயிற்றை மேலே முடிச்சுப் போட்டு முடித்துவிடாதீர்கள். கிளையில் கட்டிய கேரபினர் (திறந்து மூடும் கொக்கி வளையம்) வழியே கொண்டுவந்து, அடிமரத்தில் ஒரு டிசென்டரில் பூட்டிக் கட்டுங்கள். மிச்சக் கயிறு அந்த மரத்தடியில் கிடக்கட்டும், மொத்தக் கயிறு உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒருவர் அந்த டிசென்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், செல்போனைப் பையில் போட்டுவிட்டு. தொங்குகிறவர் பேசவில்லை, அசையவில்லை என்றால் பூட்டை விடுவித்து மெதுவாகத் தரைக்கு இறக்கிவிடலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவரை உட்கார வைத்து இதை ஒத்திகை பார்த்துவிட்டே பயிற்சியைத் தொடங்குங்கள்.

உப்புக்காத்துல சாமான் கெடாதா? (மண்டபம்)

கெடும். அலுமினியக் கேரபினரில் வெள்ளைப் பொடி பூக்கும், ஜாமரின் ஸ்ப்ரிங் இறுகும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்து, ஸ்ப்ரிங்கிலும் திருகிலும் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். கயிற்றில் எண்ணெய் படக் கூடாது. கயிற்றையும் அலச வேண்டும், உப்புத் துகளும் மணலும் உள்ளே புகுந்து இழைகளை அறுக்கும்.

அதைவிடப் பெரிய பயம் எனக்குப் பேட்டரிதான். நம் வீடுகளில் போட்டு பேட்டரி, டீசல் கேன், வலை எல்லாம் ஒரே கொட்டகையில் கிடக்கும். பேட்டரி அமிலம், அதன் ஆவிகூட, நைலானை அரித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கயிற்றுப் பையை வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். அமிலம் பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்துத் தொங்கிவிடாமல்.

புதுக் கயிறு வாங்கியாச்சு. உடனே அளந்து வெட்டிடலாமா? (பாம்பன்)

ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காய்ந்த பிறகு அளந்து வெட்டுங்கள் தம்பி. புது நைலான் கயிறு முதல் நனைவில் நன்றாகவே சுருங்கும். வெட்டிய நீளத்தை இரண்டு நுனியிலும் எழுதி வையுங்கள்.