எல்லாம் பச்சை, ஆனால் கடை ஓடவில்லை: சர்வர் கேள்விகள், நேரடி பதில்கள்

பத்து நாளாகச் சேர்ந்துவிட்ட வாசகர் கேள்விகளை இன்று உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேஷம் மட்டும் வேறு: மானிட்டரிங் (சர்வரைக் கண்காணிக்கும் டூல்) எல்லாம் சரி என்கிறது, சைட் ஓடவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஆன்லைன் காய்கறிக் கடை தினமும் காலை 10.30க்கு ஆமையாகிவிடுகிறது. 10.50 வாக்கில் தானாகச் சரியாகிறது. அந்த நேரத்தில் கூட்டமும் கிடையாது. ஹோஸ்டிங்கில் கேட்டால் "எங்க பக்கம் ஒண்ணுமில்ல சார்" என்கிறார்கள். (மேற்கு மாம்பலம்)

பதில்: தினமும், அதே நேரம், தானாகச் சரியாகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் டிராஃபிக் கிராஃப் பக்கமே போக மாட்டேன், நேராக கிரான்டேப்பைத் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) திறப்பேன். உங்களிடம் வாங்கிப் பார்த்தேனே, நான்காவது வரியில் நிமிடம் 0, மணி 5 என்று டேட்டாபேஸ் பேக்கப் உட்கார்ந்திருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு யார் காய் வாங்கப் போகிறார்கள் என்று யாரோ நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார். பழைய சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடியது, அதனால் பிரச்சினை வெளியே தெரியவில்லை. இரண்டு மாதம் முன்பு கிளவுடுக்கு மாறினீர்கள். அங்கே புது சர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில்தான் வரும், அதைக் கவனிக்காமல் கிரான்டேப்பை அப்படியே காப்பி அடித்து ஒட்டிவிட்டீர்கள். யூடிசியில் 5 மணி என்றால் நமக்கு 10.30. அவ்வளவுதான் மர்மம்.

மாற்ற வேண்டியது: நிமிடம் 30, மணி 21 என்று போடுங்கள், நமக்கு அதிகாலை 3 மணி ஆகும். இன்னொன்று, நீங்கள் எழுதியதில் ஒரு வரி கண்ணில் பட்டது, "பொருள்களைப் பார்க்க முடிகிறது, ஆர்டர்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று. உங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் டம்ப் (பேக்கப் நகல்) எடுக்கும்போது டேபிள்களைப் பூட்டிவிடும், படிக்கலாம், எழுத முடியாது. உங்கள் டேபிள்கள் இன்னோடிபி வகை என்பதால் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' ஆப்ஷனைச் சேர்த்தால் அந்தப் பூட்டு தேவைப்படாது. அப்புறம், கிராஃப் வரையும் கிராஃபானா உங்கள் பிரவுசரின் நேரத்தில் காட்டும், லாக் ஃபைல் (சர்வர் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பு) யூடிசியில் பேசும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், சம்பந்தமே இல்லாத வரியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

கேள்வி: நிமிடத்துக்கு ஒரு முறை சைட்டை செக் செய்கிறோம், எப்போதும் 200 வருகிறது. ஆனால் கஸ்டமர்கள் போன் செய்து திட்டுகிறார்கள். யாரை நம்புவது? (பல பேர்)

பதில்: திட்டுபவரை நம்புங்கள். 200 என்ற நிலை எண் "நான் ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்" என்று சர்வர் சொல்வது, சரியானதைக் கொடுத்தேன் என்பதல்ல. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எரர் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அதற்கும் 200 அனுப்பும் அப்ளிகேஷன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கதை ஒன்று. ஒரு துணிக்கடையின் சைட், தீபாவளிக்கு முந்தைய வாரம். மானிட்டரிங் நான் போட்டதுதான், முகப்புப் பக்கத்தை மட்டும் பார்க்கும். அன்று காலை டேட்டாபேஸ் படுத்துவிட்டது. ஆனால் முகப்புப் பக்கம், அப்ளிகேஷனுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் கேஷில் (சேமித்து வைத்த நகல்) இருந்து வந்துகொண்டே இருந்தது, பட்டுப்புடவை போட்ட பெண் சிரித்துக்கொண்டே இருந்தார், 200, 200, 200. இரண்டு மணி நேரம். கண்டுபிடித்தது நானும் இல்லை, என் டூலும் இல்லை. பேக்கிங் செக்‌ஷனில் இருந்த அக்கா போன் செய்து, "தம்பி, இன்னைக்கு பிரிண்டர்ல ஒரு பில்லுகூட வரலையே, பேப்பர் தீர்ந்துடுச்சானு பார்த்தேன், பேப்பர் இருக்கு" என்றார். அன்றைக்கு அந்தக் கடையில் ஒழுங்காக வேலை செய்த ஒரே மானிட்டரிங் அந்த பிரிண்டர்தான்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கடைக்குப் போட்டாலும் முதல் அலர்ட் இதுதான்: காலை 10 முதல் இரவு 10 வரை, இருபது நிமிடம் ஒரு ஆர்டர்கூட வரவில்லை என்றால் போன் அடிக்க வேண்டும். சிறிய கடை என்றால் இருபதை ஒரு மணி நேரமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது, கேஷ் ஆகாத ஒரு தனி முகவரி, அது டேட்டாபேஸில் உண்மையிலேயே ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். வந்த பதிலில் எதிர்பார்த்த சொல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது.

கேள்வி: நான்கு கோர் சர்வர். லோட் ஆவரேஜ் 14. சிபியு பயன்பாடு 15 சதவீதம்தான். எது பொய்? (பெருங்குடி)

பதில்: இரண்டும் உண்மை. லினக்ஸில் (உங்கள் சர்வரின் இயங்குதளம்) லோட் ஆவரேஜ் சிபியுவுக்காக நிற்கும் பிராசஸ்களை (ஓடும் புரோகிராம்களை) மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்கில் இருந்து பதில் வரும் வரை அசையாமல் காத்திருப்பவற்றையும் சேர்த்து எண்ணும். ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். எடை போடுபவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், குடோனில் இருந்து மூட்டை வரவில்லை, வரிசை மட்டும் தெருமுனை வரை நிற்கிறது. எடை போடுபவர்தான் உங்கள் சிபியு. 'டாப்' கமாண்டின் மூன்றாவது வரியில் 'டபிள்யூஏ' என்று ஒரு எண் இருக்கும், குடோனுக்காகக் காத்திருக்கும் நேரம் அது. நீங்கள் அனுப்பிய படத்தில் 62. அதே வரிக் கடைசியில் 'எஸ்டி' என்று இருப்பதையும் பார்த்து வையுங்கள். அது ஏறினால் அந்த இயந்திரத்தில் குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சிபியுவைச் சாப்பிடுகிறார் என்று பொருள், உங்களுக்கு அது பூஜ்யம்தான்.

உங்கள் டிஸ்க் அமேசான் கிளவுடின் பழைய 'ஜிபி2' (gp2) வகை, அளவு 20 ஜிபி (GB). அந்த அளவுக்கு நிரந்தரமாகக் கிடைப்பது நொடிக்கு 100 முறை படிக்க, எழுத மட்டுமே. 3000 வரை தாவலாம், ஆனால் சேர்த்து வைத்த கிரெடிட் தீரும் வரைதான். தீர்ந்ததும் மறுபடி 100. காலையில் பறக்கிறது, மதியத்துக்கு மேல் படுக்கிறது என்று நீங்கள் சொன்னது இதனால்தான். 'பர்ஸ்ட் பேலன்ஸ்' என்ற கிராஃபைத் திறந்தால் மதியம் அது தரையைத் தொடுவது தெரியும். ஜிபி3க்கு மாற்றுங்கள், அளவு எதுவானாலும் 3000 அடிப்படையிலேயே உண்டு. சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம்.

கேள்வி: 16 ஜிபி ரேமில் 300 எம்பிதான் ஃப்ரீ என்று காட்டுகிறது. ரேம் கூட்டவா? (அம்பத்தூர்)

பதில்: வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தந்துவிடும். 'ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், 'அவைலபிள்' என்பதைப் பாருங்கள். உங்களுக்கு அது 11 ஜிபி. காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: சைட்டில் சில நாள் 502 எரர், சில நாள் 504 எரர். இரண்டுக்கும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. என்னதான் வித்தியாசம்? (தாம்பரம்)

பதில்: கதவைத் தட்டினீர்கள், உள்ளே ஆளே இல்லை அல்லது பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் மயங்கி விழுந்துவிட்டார்: 502. உள்ளே ஆள் இருக்கிறார், "இதோ வரேன்" என்கிறார், வரவே இல்லை: 504. என்ஜின்எக்ஸ் ஒன்றும் மாற்றாமல் விட்டால் பின்னால் இருப்பவரின் பதிலுக்கு 60 நொடி பொறுக்கும், அப்புறம் 504 கொடுத்துவிடும்.

502 வந்த நாளில் 'டிமெஸ்ஜி'யில் (லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் செய்திகள்) பாருங்கள், 'அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்' என்று வரி இருந்தால் கெர்னலே உங்கள் அப்ளிகேஷனைக் கொன்றிருக்கிறது. 504 என்றால் அநேகமாக மெதுவான டேட்டாபேஸ் குவெரி, அல்லது நீங்கள் கூப்பிடும் வேறு யாருடைய ஏபிஐயோ (வெளிச் சேவையோ). பேமென்ட், எஸ்எம்எஸ், கூரியர் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த அழைப்புகளுக்கு 5 நொடி டைம்அவுட் (இதற்கு மேல் காத்திருக்காதே என்ற வரம்பு) போட்டீர்களா? பலரும் போடுவதில்லை. என்ஜின்எக்ஸ் லாகில் மொத்த நேரத்தையும் அப்ஸ்ட்ரீம் (பின்னால் இருக்கும் அப்ளிகேஷன்) எடுத்துக்கொண்ட நேரத்தையும் தனித்தனியாக எழுத வையுங்கள், அடுத்த முறை ஊகிக்கத் தேவையில்லை. லாகில் 499 நிறைய இருந்தால் பொறுமை இழந்து பிரவுசரை மூடிவிட்டவர்கள் அவர்கள், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்டார்ட் செய்வதில் தப்பில்லை, கடை ஓட வேண்டும். ஆனால் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, ஓடும் பிராசஸ் பட்டியலையும் டேட்டாபேஸின் பிராசஸ் லிஸ்டையும் ஒரு ஃபைலில் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். ரீஸ்டார்ட் தடயத்தை அழித்துவிடும்.

கேள்வி: டிஸ்க் 100 சதவீதம். 40 ஜிபி லாக் ஃபைலை அழித்தேன், இன்னும் 100 சதவீதமே காட்டுகிறது! (சோழிங்கநல்லூர்)

பதில்: அழித்தது பெயரை மட்டும்தான். அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸ் அதை விடும் வரை இடம் திரும்பாது. 'எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1' கொடுத்தால் அழிந்தும் உயிரோடிருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும், அந்த சர்வீஸை ரீலோட் செய்யுங்கள். அடுத்த முறை அழிக்காதீர்கள், 'டிரங்கேட்' செய்து காலியாக்குங்கள். அதைவிட நல்லது, லாக்ரொட்டேட்டை (பழைய லாக்கைத் தானாக ஒதுக்கி அழிக்கும் டூல்) ஒழுங்காகப் போடுவது.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு: இடம் பாதி காலி, ஆனாலும் "இடமில்லை" என்று எரர். 'டிஎஃப் மைனஸ் ஐ' அடித்துப் பாருங்கள், ஐநோடு (ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய பதிவு இடம்) தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் குட்டி செஷன் ஃபைல்கள் சேர்ந்தால் இப்படி ஆகும்.

கேள்வி: டெலிகிராம் குரூப்பில் ஒரு நாளைக்கு 200 அலர்ட். யாரும் பார்ப்பதில்லை, குரூப்பையே மியூட் செய்துவிட்டார்கள். (கிண்டி)

பதில்: அவர்கள் செய்தது சரி. நானாக இருந்தாலும் மியூட்தான் செய்திருப்பேன். சிபியு 90 சதவீதம் என்று இரவு 2 மணிக்கு ஒருவரை எழுப்பி அவர் என்ன செய்ய வேண்டும்? எழுந்தவர் கையால் செய்ய ஒரு வேலை இருந்தால் மட்டுமே அது அலர்ட், இல்லையென்றால் டாஷ்போர்டில் கிடக்கட்டும். எரர் எத்தனை சதவீதம், பதில் எவ்வளவு தாமதம், ஆர்டர் வருகிறதா, டிஸ்க் இன்னும் சில மணி நேரத்தில் நிரம்பிவிடுமா, இவ்வளவு போதும். ஒரு நொடி ஏறி இறங்குவதற்கெல்லாம் கத்தாமல் இருக்க, நீங்கள் வைத்திருக்கும் மானிட்டரிங் டூலான பிராமிதியஸில் 'ஃபார்' என்று ஒரு வரி உண்டு, 5 நிமிடம் தொடர்ந்தால்தான் கத்து என்று சொல்லலாம். உங்கள் விதிகளில் ஒன்றில்கூட அதைக் காணோம்.

தாமதத்துக்குச் சராசரியை வைத்திருக்கிறீர்கள், அதையும் தூக்குங்கள். நூறு பேரில் 95 பேருக்கு 100 மில்லி செகண்டில் பதில், 5 பேருக்கு 8 நொடி என்றால் சராசரி அரை நொடிக்கும் கீழே நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். அந்த ஐந்து பேர்தான் போன் செய்து திட்டுபவர்கள். 99ஆவது பர்சன்டைலைப் (நூறில் 99 பேருக்கு இந்த நேரத்துக்குள் பதில் கிடைத்தது என்று காட்டும் எண்) பாருங்கள்.

கேள்வி: அண்ணா, கடைசி வருடம் படிக்கிறேன். நாகியோஸ், ஜாபிக்ஸ், பிராமிதியஸ், எந்த மானிட்டரிங் டூலைக் கற்றுக்கொள்வது? (குரோம்பேட்டை)

பதில்: பிராமிதியஸும் கிராஃபானாவும், தம்பி. 2012இல் சவுண்ட்கிளவுடில் ஆரம்பித்தது, இப்போது குபர்னெட்டிஸ் (பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டும் அமைப்பு) இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கிறது. நாகியோஸை ஓட்டும் பழைய அலுவலகங்கள் இன்னும் உண்டு, வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவில் வை, பிராமிதியஸ் ஒன்றும் சொல்லாவிட்டால் 15 நாள் தகவலைத்தான் வைத்திருக்கும். போன பொங்கலோடு ஒப்பிட வேண்டும் என்று மேனேஜர் கேட்கும் நாளில் முழிக்காதே.

கேள்வி: மிச்சாங் புயலின்போது எங்கள் ஆபீஸ் சர்வர் விழுந்தது ஒன்றரை நாள் யாருக்கும் தெரியவில்லை. மானிட்டரிங்கில் இருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. மறுபடி அப்படி ஆகாமல் இருக்க? (பள்ளிக்கரணை)

பதில்: மெயில் எப்படி வரும், மானிட்டரிங்கும் அதே ரேக்கில்தானே இருந்தது? 2023 டிசம்பர் 4ஆம் தேதி உங்கள் பக்கம் தண்ணீர் நின்ற நிலையில் கரண்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, இரண்டும் ஒன்றாகப் போயிருக்கும். நாடி பார்க்க வேண்டிய டாக்டரே பக்கத்துக் கட்டிலில் படுத்துவிட்டால் என்ன செய்வது?

தலைகீழாக யோசியுங்கள். "பிரச்சினை" என்று செய்தி வரட்டும் என்று காத்திருக்காமல், உங்கள் சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியூரில் இருக்கும் ஒரு சர்வருக்கு "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மூன்று முறை சொல்லவில்லை என்றால் அந்த வெளியூர் சர்வர் போன் அடிக்கட்டும். அப்டைம் குமா என்ற மானிட்டரிங் டூலில் 'புஷ்' வகை மானிட்டர் இதற்கென்றே இருக்கிறது, மிகச் சிறிய சர்வர் போதும். அதை மும்பையிலோ சிங்கப்பூரிலோ வையுங்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் 'சவுத் இந்தியா' என்று எடுத்தால் அது சென்னையிலேயேதான் இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அலர்ட் போகும் எண்களில் ஒன்றாவது மதுரையிலோ கோவையிலோ இருப்பவருடையதாக இருக்கட்டும், அந்த வாரம் நம் ஊர் செல்போன் டவர்களும்தான் படுத்திருந்தன.