வக்கீல் தொழிலோடு இலவச சட்ட உதவியும் செய்வது எப்படி?

விசாரணை நீதிமன்றத்தில் தொழில் நடத்திக்கொண்டே ஏழைகளுக்காக வாதாட வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். பொதுவாக 3 ஆண்டு அனுபவம் வேண்டும். கட்டணத்தை ஆணைக்குழு தரும். கட்சிக்காரரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது.

உங்கள் உழைப்பு அதிகம் தேவைப்படும் இடம் சிறை. முதலில் ரிமாண்ட் தேதியை, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்ட நாளைப் பாருங்கள். அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் அது தானாகக் கிடைக்காது. கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். போலீஸ் முந்திக்கொண்டு குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 உச்ச நீதிமன்ற உத்தரவு. அதைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள். உதவி தேவைப்படும் குடும்பங்களிடம் 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.