மிஷினை ஓட்டுவதா, நிறுத்துவதா?

கேள்வி: திருப்பூரில் 12 தையல் மிஷின் போட்டு பவர்டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை) நடத்துகிறேன். 2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியதிலிருந்து ஆர்டர் பாதியாகிவிட்டது. டீ-ஷர்ட் பீசுக்கு 14 ரூபாய் கொடுத்த கம்பெனி, இப்போது 11 ரூபாய்தான், இஷ்டமிருந்தால் தை என்கிறது. அவர்களே நான்கு மாத பில் மூன்றரை லட்சம் பாக்கி. கூலி, நூல், கரண்ட் சேர்த்து எனக்கு பீசுக்கு 12 ரூபாய் ஆகிறது, ஒரு நாளைக்கு 700 பீஸ் போகும், வாடகை தனியாக 20,000. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்தாவது ஓட்டிவிடட்டுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: நகையைத் தொடாதீர்கள். மிஷின் சத்தம் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் எழுதிய எண்களை வைத்தே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பீசுக்கு ஒரு ரூபாய் கைநட்டம், 700 பீஸ், 26 நாள், ஆக 18,200. மிஷினை நிறுத்தினால் மாதம் வாடகை 20,000 போகும். 11 ரூபாய்க்கு ஓட்டினால் 38,200 போகும். அதற்காகவா நகை?

அதே கம்பெனி 13 கொடுத்தால் கதை வேறு. அப்போதும் வாடகை முழுசாக வராது, ஆனால் 18,200 வருகிறது, மாதம் 1,800 ரூபாய் நட்டத்தில் ஆட்களையும் காப்பாற்றி, பட்டறையும் திறந்திருக்கும். அதனால் 13க்குப் பேசுங்கள். கூலி, நூல், கரண்டுக்குக் கீழே போகும் ரேட்டை மட்டும் யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்த மூன்றரை லட்சம். அது உங்கள் பணம், கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். 2006ஆம் வருட சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் அவர்கள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023 பட்ஜெட்டில் வந்த மாற்றத்தால், கெடு தாண்டிய உங்கள் பில்லை மார்ச் 31க்குள் அவர்கள் கட்டாவிட்டால் அந்த வருட வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. கம்பெனி அக்கவுண்டண்டிடம் இதைச் சொல்லி, பில் வாரியாகத் தேதி போட்டு ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுதொழில்களின் பாக்கிப் பணத்துக்காக அரசு நடத்தும் இணையதளத்தில் புகார் போடுவது கடைசி வழி. அதைப் போட்ட பிறகு அந்தப் பார்ட்டியிடம் மறுபடி வேலை வாங்குவது கஷ்டம் என்பதையும் யோசித்தே போடுங்கள்.

மிஷின் லோன் இருந்தால், தவணை தவறும் முன்பே மேனேஜரைப் போய்ப் பாருங்கள். 90 நாள் தாண்டி வாராக்கடன் என்று எழுதிவிட்டால் அவர் நினைத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முன்னாலேயே போனால் தவணையை நீட்டிக் கேட்கலாம்.

ஒரே கம்பெனியை நம்பி இருந்ததுதான் உங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது, இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். 2020ல் வெளிநாட்டு ஆர்டர் நின்றபோது திருப்பூரில் எத்தனையோ பேர் டீ-ஷர்ட் தைத்த ஓவர்லாக் மிஷினிலேயே மாஸ்க்கும் கவச உடையும் தைத்தார்கள். நம்மூர் துணிச் சந்தையான காதர்பேட்டை வியாபாரிகளுக்கு நைட்டி, டிராக் பேண்ட், குழந்தைகள் செட் என்று உள்ளூர் வேலை உண்டு. ரேட் குறைவு, கடனும் கேட்பார்கள், அதனால் முதல் இரண்டு லாட் கைக்காசுக்கு மட்டும். நான்கு மிஷினை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.

டெய்லர்களிடம் நிலவரத்தை மறைக்க வேண்டாம். வாரம் நான்கு நாள்தான் வேலை என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். கொரோனாவில் ஊருக்குப் போன ஆட்கள் பலர் திரும்பவில்லை, ஆர்டர் வந்தபோது தைக்க ஆளில்லாமல் தவித்தோம் இல்லையா?

கேள்வி: மூடிய பட்டறைகளிலிருந்து மிஷின்கள் பாதி விலைக்கு வருகின்றன. கையில் ஐந்து லட்சம் இருக்கிறது, வாங்கிப் போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அந்த மிஷினில் தைக்க உங்களிடம் இன்றைக்கு ஆர்டர் இருக்கிறதா? இருந்தால், இரண்டே இரண்டு வாங்குங்கள், மோட்டாரை ஓட்டிப் பார்த்து, பழைய பில்லோடு. ஆர்டர் இல்லையென்றால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும், பாதி விலை மிஷின் இன்னும் ஆறு மாதம் கழித்தும் கிடைக்கும்.